ரீமாஸ்டர் பதிப்புகளின் வழியே ஜாஸ் ஃப்யூஷன்: வேலூர் வட்டாரத்து இசைப்பிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1969-க்கும் 1977-க்கும் இடையே அமெரிக்காவில் வாழ்ந்த சில ஜாஸ் கலைஞர்கள் மின்கிதாரையும் மின்பியானோவையும் சிந்தசைசரையும் கையிலெடுத்து, ராக் இசையின் வேகத்தையும் ஃபங்க் இசையின் தாளக்கட்டையும் ஜாஸின் மனோதர்மத்தோடு இணைத்தார்கள். அந்த இசையைத்தான் ஜாஸ் ஃப்யூஷன் என்கிறோம். கேசட் காலத்தில் வட ஆர்க்காட்டுக் கடைகள் திரைப்பாடல்களையும் பக்திப்பாடல்களையும் நம்பியே நடந்ததால், இந்த ஆல்பங்கள் நம் பக்கம் எளிதில் கிடைக்கவில்லை. இப்போது காட்பாடியில் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூட இவை அனைத்தையும் கைப்பேசியில் கேட்டுவிடலாம். கிடைப்பதில் சிக்கல் தீர்ந்துவிட்டது. தேர்ந்தெடுப்பதில்தான் சிக்கல் தொடங்கியிருக்கிறது. ஒரே ஆல்பம் மூன்று நான்கு பதிப்புகளில் வருகிறது, அவற்றில் பலவற்றின் மேல் ‘ரீமாஸ்டர்’ என்ற முத்திரை இருக்கிறது. அந்த முத்திரை தரத்துக்குச் சான்றிதழ் அன்று. ஏதோ ஓர் ஆண்டில் ஒரு பொறியாளர் பழைய டேப்பைக் கேட்டுத் தம் காதுக்குச் சரியென்று பட்டதைச் செய்தார் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அவருடைய தீர்ப்பை நீங்கள் ஏற்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யத் தேவையானவற்றை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

முதல் படி: ரீமாஸ்டர் வேறு, ரீமிக்ஸ் வேறு

ஸ்டுடியோவில் ஒவ்வொரு வாத்தியமும் பல தடங்கள் கொண்ட டேப்பில் தனித்தனியாகவோ சிறு குழுக்களாகவோ பதிவாகிறது. அந்தத் தடங்களின் அளவையும் இடத்தையும் ஒழுங்குபடுத்தி, இடம் வலம் என்ற இரண்டே தடங்களுக்குள் அடக்குவது மிக்ஸிங். அப்படிக் கிடைத்த இரண்டு தட டேப்பை எல்பி தட்டுக்கோ சிடிக்கோ ஏற்றபடி ஒலிச்சமன் செய்து தயாரிப்பது மாஸ்டரிங். இந்தக் கடைசி வேலையை மட்டும் மறுபடியும் செய்தால் அது ரீமாஸ்டர். பல தட டேப்புக்கே திரும்பிப் போய், கிதார் எவ்வளவு, டிரம்ஸ் எவ்வளவு என்று புதிதாகத் தீர்மானித்தால் அது ரீமிக்ஸ். உறையில் எது எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ ஆல்பம் 1970-இல் வெளியானது. 1998-இல் அதன் பதிவு அமர்வுகள் அனைத்தும் பெட்டித் தொகுப்பாக வந்தபோது, எட்டுத் தட டேப்புகளிலிருந்து ஒலிப்பொறியாளர் மார்க் வைல்டர் புதிதாக மிக்ஸ் செய்தார். ஆகவே அந்தத் தொகுப்பைக் கேட்பவர் 1970-இல் எல்பி வாங்கியவர் கேட்ட அதே கலவையைக் கேட்கவில்லை. டால்பி அட்மாஸ் பதிப்புகளும் இவ்வகைதான். இரண்டு ஸ்பீக்கர்களுக்காக நினைக்கப்பட்ட இசையைத் தலையைச் சுற்றிப் பரப்பிக் கேட்பதில் எனக்கு நாட்டமில்லை. முதலில் மூலக் கலவையைப் பழகிக்கொண்டு, அதன் பிறகு வேண்டுமானால் இவற்றைக் கேட்பதே முறை.

நல்ல ரீமாஸ்டர் எவ்வளவு செய்யமுடியும் என்பதற்குச் சிறந்த சான்று ஃப்யூஷனுக்கு முந்தைய ஓர் ஆல்பத்தில் கிடைக்கிறது. 1959-இல் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ பதிவு செய்தபோது, முதல் அமர்வில் ஓடிய டேப் இயந்திரம் சற்று மெதுவாகச் சுழன்றது. அந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் மூன்று உருப்படிகளும் கால் ஸ்வரம் அளவுக்குச் சுருதி ஏறி ஒலித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் அப்படியேதான் கேட்டது. 1992-இல், அதே அமர்வில் சரியான வேகத்தில் ஓடிய மாற்று டேப்பைப் பயன்படுத்தித்தான் அந்தப் பிழை திருத்தப்பட்டது. தம்புராவோடு வளர்ந்த காதுக்குக் கால் ஸ்வரம் என்பது சின்ன விஷயமல்ல.

டேப்பின் உடல்நிலையும் இதில் சேரும். 1970-களின் நடுப்பகுதியிலிருந்து தயாரான சில டேப் வகைகளில், காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிட்டது. அவற்றை அப்படியே ஓட்டினால் துகள்கள் உதிர்ந்து இசையும் போய்விடும். அதனால் ஏறத்தாழ 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் பக்குவமாகச் சூடேற்றி, ஈரம் நீங்கிய சில நாட்களுக்குள் டிஜிட்டலுக்கு மாற்றுகிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நடந்தவர்களுக்கு 54 டிகிரி அவ்வளவு தொலைவாகத் தோன்றாது.

இரண்டாம் படி: கையிலிருப்பது எந்தப் பதிப்பு என்று அறிதல்

ஸ்ட்ரீமிங் செயலிகளில் ஆல்பத்தின் பெயருக்கு அருகில் காட்டப்படும் ஆண்டை நம்ப வேண்டாம். சில நேரம் அது முதல் வெளியீட்டின் ஆண்டு, சில நேரம் மறுவெளியீட்டின் ஆண்டு. ஆல்பப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்புரிமை வரியைப் பாருங்கள். ‘லெகசி எடிஷன்’, ‘எக்ஸ்பாண்டட்’ என்ற பெயர்கள் பெரும்பாலும் கூடுதல் உருப்படிகளைக் குறிப்பவை. கூடுதல் உருப்படி இருப்பதால் ஒலி மேம்பட்டிருக்கிறது என்று பொருளில்லை. சிடியாகவோ எல்பியாகவோ வாங்குபவர்களுக்கு வேலை எளிது: உறையின் பட்டியல் எண்ணையும், தட்டின் உட்புற விளிம்பில் பொறித்த எழுத்துகளையும், இசைப் பதிப்புகளைப் பட்டியலிடும் டிஸ்காக்ஸ் தளத்தில் தேடினால், எந்த நாட்டில் எந்த ஆண்டில் யார் மாஸ்டர் செய்தது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். சென்னைக்குப் போகும்போது சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிய மூர் மார்க்கெட் வளாகத்தில் பழைய எல்பிக்களைத் துழாவுபவர்கள், அந்த எண்களைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டு பிறகு விலை பேசுவது நல்லது.

மூன்றாம் படி: கேட்கும் இடத்தைச் சீர்செய்தல்

நம் ஊர் வீடுகள் சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கொண்டவை. ஸ்பீக்கர் ஒலி அவற்றில் பட்டுத் திரும்பி வந்து, டிரம்ஸின் ஒவ்வொரு அடியையும் அடுத்த அடியோடு குழப்பிவிடும். கெட்டியான திரைச்சீலையும், தரையில் ஒரு ஜமக்காளமும், எதிர்ச்சுவரில் புத்தகம் நிறைந்த அலமாரியும் இருந்தால் பெரும்பகுதி சரியாகிவிடும். மின்விசிறிதான் பெரிய எதிரி. அது எழுப்பும் இரைச்சல், இந்த ஆல்பங்களின் மெல்லிய பகுதிகளை முழுதாக விழுங்கிவிடும். சித்திரை வைகாசியில் அதை நிறுத்திவிட்டுக் கேளுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை. காதுத்துளையை நன்றாக அடைக்கும் இயர்போனைப் பயன்படுத்துங்கள், அல்லது விடியற்காலையில் கேளுங்கள். மின்தடையின்போது இன்வெர்ட்டரில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் உறுமினால், அது டேப்பின் குறையன்று. சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்கள் பெரும்பாலானவற்றில் இந்த உறுமல் வரும். அந்த நேரத்தில் பேட்டரியில் இயங்கும் கைப்பேசியே தூய்மையான கருவி.

விலையுயர்ந்த கருவி தேவையில்லை, ஆனால் கம்பியுள்ள இயர்போன் தேவை. புளூடூத் வழியே போகும் ஒலி பொதுவாக வழியிலேயே சுருக்கப்படுகிறது. உயர்தரமானதாகச் சொல்லப்படும் எல்டாக் முறையும் அதிகபட்சம் நொடிக்கு 990 கிலோபிட்டோடு நின்றுவிடுகிறது, சிடியோ 1411 கிலோபிட். கைப்பேசியில் இயர்போன் துளை இல்லையென்றால், டைப்-சி துளையில் செருகும், டிஜிட்டல் ஒலியை இயர்போனுக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சிறிய டாக் இணைப்பி போதும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரங்கள் சொல்லும் எண்களில் மயங்க வேண்டாம். சிடியின் 16 பிட் ஏறத்தாழ 96 டெசிபல் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். 1970-களின் டேப் எதுவும் அதை முழுதாகப் பயன்படுத்தியதில்லை. மாஸ்டரிங் மோசமென்றால் 24 பிட் அந்த மோசத்தைத் துல்லியமாகக் காட்டும், அவ்வளவுதான்.

நான்காம் படி: ஒலியளவைச் சமன் செய்து ஒப்பிடுதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் பின்பற்றுவேன் என்பவர் இதைப் பின்பற்றட்டும். ஒரே இசையின் இரண்டு வடிவங்களில் சற்று உரக்க ஒலிப்பது எதுவோ அதுவே நன்றாக இருக்கிறது என்று மனித மனம் எண்ணிக்கொள்ளும். ஒரு டெசிபல் வேறுபாடுகூட உரத்தது என்று தெரியாமல் ‘தெளிவு’ என்றே தோன்றும். 1990-களின் நடுவிலிருந்து இசை நிறுவனங்கள் இந்தப் பலவீனத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. ஒலியின் உச்சங்களை, நெல் அளக்கும் மரக்காலின் தலையைத் தட்டிச் சமன் செய்வதைப்போல, லிமிட்டர் கொண்டு வழித்துவிட்டு, மிச்சம் முழுவதையும் மேலே உயர்த்தினார்கள். திரைப்பாட்டில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஃப்யூஷனில் முடியாது. டிரம்ஸ் கலைஞர்களான பில்லி காபமோ டோனி வில்லியம்ஸோ மெல்லத் தொடங்கி வலுவேற்றிக்கொண்டே போகும் இடத்தில், தொடக்கமும் முடிவும் ஒரே அளவில் ஒலித்தால் அந்த டிரம்ஸ் வாசிப்புக்கு அர்த்தமே இல்லை. தனியாவர்த்தனத்தின் மோரா முதல் தட்டு போலவே ஒலித்தால் எப்படியிருக்குமோ அப்படித்தான்.

ஸ்ட்ரீமிங்கில் ஒப்பிடுபவர்கள் செயலியின் அமைப்புகளில் ஒலியளவைச் சமன் செய்யும் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் அதன் பெயர் சவுண்ட் செக். ஸ்பாட்டிஃபையில் வால்யூம் நார்மலைசேஷன், அது வழக்கமாக மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு) என்ற அளவை இலக்காகக் கொள்கிறது. இதை இயக்கியதும் வேடிக்கையான ஒன்று நடக்கும்: வலிந்து உரத்ததாக்கப்பட்ட பதிப்பைச் செயலியே கீழே இறக்கிவிடும். அப்போது அது தட்டையாகவும் உயிரற்றும் ஒலிப்பதைக் கேட்பீர்கள்.

சொந்தமாக சிடியோ விலைகொடுத்து வாங்கிய ஃப்ளாக் கோப்போ (தரம் இழக்காமல் சுருக்கிய ஒலிக்கோப்பு) வைத்திருப்பவர்கள் இன்னும் ஆழமாகப் போகலாம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டு பதிப்புகளையும் மேலும் கீழுமாகத் திறந்து, அலைவடிவத்தைப் பாருங்கள். முட்செடி போல் ஏறியிறங்கி இருந்தால் உச்சங்கள் பிழைத்திருக்கின்றன. மேலும் கீழும் மழமழவென்று வெட்டுப்பட்ட கட்டைச் சுவராக இருந்தால் வழிக்கப்பட்டுவிட்டன. பிறகு மென்பொருளின் லவுட்னெஸ் நார்மலைசேஷன் கொண்டு இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, முப்பது நொடிப் பகுதி ஒன்றை மாற்றி மாற்றிக் கேளுங்கள். எது எந்தப் பதிப்பு என்று உங்களுக்குத் தெரியாதபடி வீட்டில் வேறொருவர் மாற்றித் தந்தால் இன்னும் நல்லது. புதியது என்று சொல்லி விற்கப்படும் பதிப்பு பழைய சிடியின் நகல்தானோ என்ற ஐயம் வந்தால், இரண்டையும் ஆடாசிட்டியில் சாம்பிளுக்குச் சாம்பிள் இம்மியும் பிசகாமல் நேர்வைத்து, ஒன்றின் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி, சேர்த்து ஓட்டுங்கள். முழு அமைதி கிடைத்தால் இரண்டும் ஒன்றே.

ஐந்தாம் படி: கேட்கும் வரிசை

மேலைநாட்டு அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் மைல்ஸ் டேவிஸிலிருந்து தொடங்கும். வரலாற்றுக்கு அது சரி. கச்சேரி கேட்டுப் பழகிய தமிழருக்கு நான் சொல்லும் வரிசை ஏறத்தாழ அதற்கு நேரெதிர்: ‘சக்தி’யில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுங்கள்.

அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற கிதார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின், சென்னையில் பிறந்த வயலின் கலைஞர் எல். ஷங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் டி.எச். விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் வி. ராகவன் ஆகியோர் சேர்ந்து 1975-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் வாசித்த கச்சேரியே ‘சக்தி’ குழுவின் முதல் ஆல்பம். இது 1976-இல் வெளியானது. மின்கிதார் இல்லை, டிரம்ஸ் இல்லை. மெக்லாஃப்லினின் கிதாரில் மட்டும் வீணையைப் போலக் கமகம் இழுக்க வசதியாகப் பலகை குடையப்பட்டு, அதிர்வுக்கென்று குறுக்கே கூடுதல் தந்திகள் பூட்டப்பட்டிருந்தன. மூன்றே உருப்படிகள். கடைசி உருப்படி ஏறத்தாழ 29 நிமிடம் ஓடி எல்பியின் இரண்டாம் பக்கம் முழுவதையும் நிரப்புகிறது. ரீமாஸ்டரின் பயன் இங்கேதான் வெளிப்படையாகத் தெரியும். எல்பியின் ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் போகப் போக, வரிகளை நெருக்கமாக வெட்டவேண்டியிருக்கும். அதற்காக ஒலியளவையும் கீழ் ஸ்தாயியையும் குறைப்பார்கள். தட்டின் நடுப்பகுதியை நெருங்கும்போது கரகரப்பும் கூடும். உருப்படியின் உச்சகட்டமோ அந்த நடுப்பகுதியில்தான் வரும். டிஜிட்டலில் இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லாததால், நல்ல பதிப்பில் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து எழுப்பும் கும்மென்ற ஒலி தபலாவின் இடக்கைப் பகுதியான பாயாவிலிருந்து பிரிந்து கேட்கும், கழுத்தில் நகம் படும் கணீரென்ற ஒலியும் கேட்கும். டேப் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று மேல் ஸ்தாயியை வெட்டிய பதிப்பில் அந்தக் கணீர் செத்து, மானாமதுரைக் கடம் வெறும் மண்பானையாகிவிடும். ஒரு பதிப்பை ஏற்பதா தள்ளுவதா என்பதற்கு இந்த ஒரு சோதனையே எனக்குப் போதும். இதைப் பழகியபின், கொன்னக்கோலோடு தொடங்கும் அடுத்த ஆல்பமான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’க்குப் போகலாம்.

அங்கிருந்து அதே மெக்லாஃப்லினின் மின்கிதாருக்குப் பின்னோக்கிச் செல்லுங்கள். அவர் நடத்திய மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா குழுவின் ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’ 1971-லும் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973-லும் வெளியாயின. முதலில் ஒலியின் வலு திகைக்கவைக்கும். காதை மூடிக்கொள்ளாமல் தாளம் போடுங்கள். ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ ஆல்பத்தின் தலைப்பு உருப்படி பதினெட்டு எண்ணிக்கையில் சுழல்கிறது. இரண்டு சங்கீர்ணமாக, அதாவது ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் கை தாளத்தில் நிலைத்துவிடும். முதல் ஆல்பத்தின் ‘வைட்டல் டிரான்ஸ்ஃபர்மேஷன்’ ஒன்பது. நான்குக்கு நான்கு கேட்டே வளர்ந்த மேலைநாட்டுக் காதுக்கு இவை கடினம். காட்பாடிக்கு வடக்கே வள்ளிமலையில் திருப்புகழ்ச் சந்தங்களைப் பாடக் கேட்டவர்களுக்கு இது பழகிய விளையாட்டு; அருணகிரிநாதர் இதைவிடக் கடினமான கணக்குகளை நாக்கில் ஏற்றியிருக்கிறார். ஒலியைப் பொறுத்தவரை, ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ தொடங்கும் காங்கு (பெரிய உலோகச் சேகண்டி) ஓசைகளைக் கவனியுங்கள். ஓங்கி ஒலித்த காங்கு படிப்படியாகத் தேய்ந்து அடங்கவேண்டும். தேயும் வழியில் அந்த ஓசை மூச்சுவிடுவது போல ஏறியிறங்கினால், அந்தப் பதிப்பில் லிமிட்டர் கடுமையாக வேலைசெய்திருக்கிறது என்று பொருள்.

ஹெர்பி ஹான்காக்கின் ‘ஹெட் ஹண்டர்ஸ்’ (1973), வெதர் ரிப்போர்ட் குழுவின் ‘ஹெவி வெதர்’ (1977) இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; அவை தாமே இழுத்துக்கொள்ளும். முன்னதில் ‘கமீலியன்’ உருப்படியின் அடிநாதத்தை வாசிப்பது பேஸ் கிதார் அன்று, ஆர்ப் ஒடிசி சிந்தசைசர். பின்னதில் ஜாகோ பாஸ்டோரியஸின், வீணையில் இருப்பது போன்ற மெட்டுகள் இல்லாத பேஸ் கிதார் பாடகரைப் போல ஸ்வரத்துக்கு ஸ்வரம் வழுக்கிச் செல்லும். அந்த வழுக்கல் தெளிவாகக் கேட்காத பதிப்பை விட்டுவிடுங்கள்.

கடைசியாக மைல்ஸ் டேவிஸ். ‘இன் எ சைலண்ட் வே’ 1969 பிப்ரவரி 18 அன்று நியூயார்க்கில் பதிவாயிற்று. நியூயார்க் வந்திறங்கிச் சில நாட்களே ஆகியிருந்த மெக்லாஃப்லின் இதில் வாசித்திருக்கிறார். இரண்டாம் பக்கத்தின் தொடக்கப் பகுதி முடிவில் அப்படியே திரும்ப வருகிறது. கலைஞர்கள் மறுபடி வாசிக்கவில்லை; தயாரிப்பாளர் டியோ மசெரோ டேப்பின் அந்தத் துண்டையே நகலெடுத்து ஒட்டிவிட்டார். பல்லவியை எடுத்து முடித்துவைப்பதாகவே அது நம் காதில் விழும். முதல் பக்கத்தில் டோனி வில்லியம்ஸ் ஏறத்தாழ முழுநேரமும் டிரம்ஸின் ஹை-ஹேட் என்ற ஜோடி உலோகத் தட்டுகளை மட்டுமே வாசிக்கிறார். நல்ல பதிப்பில் ஒவ்வொரு தட்டலும் தனித்தனி ஊசிமுனையாகக் கேட்கும், மோசமானதில் எல்லாம் சேர்ந்து மணல் சலிக்கும் ஓசையாகிவிடும்.

இவ்வளவுக்குப் பிறகே ‘பிட்சஸ் ப்ரூ’வைத் தொடுங்கள். இதைக் கட்டாயம் இயர்போனில், இடது வலது மாறாமல் அணிந்துகொண்டு கேளுங்கள். இடப்பக்கம் லென்னி ஒயிட்டின் டிரம்ஸும் ஜோ சாவினுலின் மின்பியானோவும், வலப்பக்கம் ஜாக் டிஜானெட்டின் டிரம்ஸும் சிக் கொரியாவின் மின்பியானோவும் இருக்கும். முதல் தடவை டிரம்பெட்டை மறந்துவிட்டு, இடக்காதையும் வலக்காதையும் இரண்டு மிருதங்கக்காரர்களின் கேள்வி பதிலாகப் பின்தொடருங்கள். இரண்டாம் தடவை, இரண்டுக்கும் நடுவே தாழ்ந்த குரலில் ஊர்ந்துகொண்டிருக்கும் பென்னி மாப்பினின் பேஸ் கிளாரினெட்டைப் பிடியுங்கள். அதன்பின் 1970-இன் மூலக் கலவையையும் 1998-இன் புதிய கலவையையும் ஒலியளவைச் சமன் செய்து அடுத்தடுத்துக் கேட்டால், அந்தக் கிளாரினெட் எதில் எவ்வளவு முன்னே வருகிறது, டிரம்பெட்டின் எதிரொலி எதில் எப்படி மாறுகிறது என்பதைக் காதே சொல்லிவிடும். எனக்குப் பிடித்தது சற்று மங்கலான பழைய கலவை. துல்லியத்தை விரும்புபவர்கள் புதியதன் பக்கம் நிற்பார்கள்.